ஆர்க்கிடெக்ட்டோட ஒன்றரை வருசமும் 19 படியும்

வீடு கட்டி குடிவந்து நாலு மாசம் ஆகுது. ஸ்கூல்ல ஸ்டாஃப் ரூம்ல வாரத்துக்கு ஒருத்தராவது கேட்டுடுறாங்க, "டீச்சர், ஆர்க்கிடெக்ட் எல்லாம் வச்சீங்களாமே, எவ்ளோ வாங்குனாரு, அந்தக் காசுக்கு மேல ஒரு ரூம் எடுத்துருக்கலாம்ல"னு. ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஒரே இடத்துல எழுதி வச்சுட்டா லிங்க்க அனுப்பிட்டு நான் பாட்டுக்கு நோட்டு திருத்துவேன்ல, அதான் உக்காந்துட்டேன். நீளமா போகும், காப்பி போட்டுட்டு வந்துடுங்க.

இடம் திருமங்கலம் தாண்டி, அஞ்சரை செண்ட். 40க்கு 60, கிட்டத்தட்ட 2400 சதுரஅடி. 2016ல வாங்கிப் போட்டது, எட்டு வருசம் அதுல வேலிக்கருவை மட்டும்தான் வளந்துச்சு. 2023 கடைசில லோன் கிடைக்கும்னு தெரிஞ்சதும் நாங்க முதல்ல போனது ஆர்க்கிடெக்ட்கிட்ட இல்ல, டவுன்ல பிளான் போட்டுத் தர்ற ஒருத்தர்கிட்ட. ரெண்டே நாள்ல குடுத்துட்டாரு, சந்தோசமாத்தான் இருந்துச்சு, அத எடுத்துட்டுப் போயி எங்க நாத்தனார்கிட்ட காட்டுனா அவங்க பீரோவத் திறந்து அவங்க வீட்டு பிளான எடுத்து பக்கத்துல வைக்கிறாங்க, ஹாலு கிச்சன் பூஜை ரூம் எல்லாம் அச்சு அசல் அதே, மேல இருக்க பேரு மட்டும்தான் வேற. அவங்க மனை கிழக்குப் பாத்தது, எங்களுது வடக்குப் பாத்தது.

எனக்கே அப்பதான் ஒண்ணு தெரிஞ்சுது. வீட்டுக்கு பிளான் போடுற எல்லாரும் ஆர்க்கிடெக்ட் கிடையாது. 1972ல வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர்ல பதிவு பண்ணவங்கதான் அந்தப் பேரப் போட்டுக்கலாம். சிஏனு ஆரம்பிச்சு வருசத்தோட ஒரு நம்பர் இருக்கும், கவுன்சில் வெப்சைட்லயே தேடிப் பாத்துக்கலாம். சிவில் இன்ஜினியர் வேற, படம் மட்டும் வரைஞ்சு தர்ற டிராஃப்ட்ஸ்மேன் வேற. யாரு ஒசத்தினு சொல்ல வரல, நல்ல இன்ஜினியர் போட்ட வீட்லதான் நம்ம ஊர்ல பாதிப் பேரு நிம்மதியா இருக்கோம். யாருகிட்ட என்ன வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கணும், அவ்ளோதான்.

கூட வேலை பாக்குற டீச்சரோட தம்பி மூலமா ஒரு ஆர்க்கிடெக்ட் கிடைச்சாரு. மதுரைல ஆபீஸ், அம்பது வயசு இருக்கும், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல போன் எடுக்க மாட்டாரு. 2024 தைல முதல் சந்திப்பு. நாங்க ஆபீஸுக்கு வர்றோம்னு சொன்னதுக்கு வேணாம், நீங்க இப்ப குடியிருக்க வாடகை வீட்டுக்கு நான் வர்றேன்னுட்டாரு. நான் அதுக்குள்ள போன்ல அறுபது எழுபது போட்டோ சேத்து வச்சுருந்தேன், தொங்குற ஊஞ்சல், கண்ணாடிக் கைப்பிடி, கிச்சன் நடுவுல தீவு மாதிரி ஒரு மேடை, இப்படி. மனுசன் அத ஒரு தள்ளு தள்ளிப் பாத்துட்டு போன என் கைலயே குடுத்துட்டு எங்க அத்தை, அதான் என் மாமியார், பக்கம் திரும்பிட்டாரு.

"அம்மா, காலைல எத்தன மணிக்கு எந்திரிப்பீங்க? எந்திரிச்சதும் முதல்ல எங்க போவீங்க?"

அத்தைக்கு 68 வயசு. இந்த வீட்ல அவங்ககிட்ட இந்தக் கேள்விய இதுக்கு முன்னாடி யாரும் கேட்டது இல்ல, நான் உட்பட. முக்கா மணி நேரம் பேசுனாங்க. வாசத் தெளிக்கிறதுல ஆரம்பிச்சு, வெளக்குமாறு எங்க சாத்துறது, சிலிண்டர் மாத்த எப்படி உருட்டிட்டு வர்றது, இட்லிக் கொப்பரை எந்த அடுப்புல உக்காரும், மழை பேஞ்சா துணிய எங்க போடுறதுனு ஒண்ணு விடல. அவரு பாட்டுக்கு எழுதிட்டே இருந்தாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயி டேப்ப எடுத்து கிச்சன் மேடைய அளந்தாரு, 34 இன்ச். அத்தைய அடுப்புகிட்ட நிக்கச் சொல்லி முழங்கை உசரத்தையும் அளந்தாரு. அத்தை நாலடி பத்து அங்குலம்தான். இத்தன வருசமா சோறு வடிக்கும்போது ஒரு மணப்பலகை போட்டு அது மேல ஏறி நின்னுதான் வடிப்பாங்க, அந்தப் பலகைய எத்தனையோ தடவை நான் காலால ஓரமாத் தள்ளி விட்டுருக்கேன், அது ஏன் அங்க கெடக்குனு ஒரு நாளும் யோசிச்சது இல்ல.

"வத்தல் வடகம்லாம் போடுவீங்களாம்மா?" "போடாம? மாசி பங்குனி ரெண்டு மாசமும் மாடிலதான கெடக்கேன், முழங்கால் வலியோட கைல தட்டத்தத் தூக்கிட்டு ஏறி எறங்கி ஏறி எறங்கி..." இதையும் எழுதிக்கிட்டாரு.

ஒரு வாரம் கழிச்சு ரெண்டு பக்கம் டைப் பண்ணி அனுப்புனாரு, இதுல தப்பு இருந்தா திருத்துங்க, அப்புறம்தான் கோடு போடுவேன்னு. அதுல ஒரு வரி: மூத்தவர், முழங்கால் வலி, தினமும் மொட்டை மாடிக்குப் போவார், கையில் சாமான் இருக்கும், கைப்பிடி பிடிக்க ஒரு கைதான் மிச்சம். எங்க வீட்டுக்காரர் படிச்சுட்டுச் சிரிச்சாரு, இதுக்கா காசுனு. இந்த வரிய ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

ஃபீஸ் பத்திதான் எல்லாரும் கேக்குறீங்க. தொகைய சொல்ல மாட்டேன், ஆளுக்கு ஆளு ஊருக்கு ஊரு மாறும், ஆனா எப்படிப் பிரிச்சு வாங்குனாருன்னு சொல்றேன். கவுன்சில் போட்டுருக்க வழிகாட்டுதல் ஒண்ணு இருக்கு, அதுல வேலைய கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் மொத்த ஃபீஸ்ல இவ்ளோனு வச்சுருக்காங்க, எங்க அக்ரிமெண்ட்டும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான். கான்செப்ட், அதாவது முதல் யோசனைப் படம் குடுத்ததும் 10 சதவீதம், அத ஒழுங்கான பிளானா ஆக்கிக் குடுத்ததும் மொத்தம் 20, அப்ரூவல் வந்ததும் 35, கொத்தனாரு பாத்துக் கட்டுற ஒர்க்கிங் டிராயிங்கும் அளவு விவரமும் முடிஞ்சா 45, காண்ட்ராக்டர் முடிவானதும் 55, மிச்சம் வேலை நடக்க நடக்க. அப்ப எனக்கு இது விநோதமா இருந்துச்சு. நம்ம கண்ணுக்கு வீடு தெரியிற அந்தப் படம் போடுற வேலைக்கு வெறும் 20தானா, மிச்சம் 80 எதுக்குனு.

அப்புறம் மனைக்கு வந்தாரு. பட்டா, வில்லங்கச் சான்று, எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே நம்பருக்கு அளவோட இருக்க அரசாங்க வரைபடம்) எல்லாத்தையும் வாங்கி வச்சுக்கிட்டு நாலு மூலையும் அளந்தா பின்பக்கம் 40 அடி இல்ல, 39 அடி 8 இன்ச். நாலு இன்ச்சுதானனு நான் நெனச்சேன். அவரு, பக்கத்து மனைக்காரர் காம்பவுண்டு கட்டுறதுக்கு முன்னாடி பேசிடுங்க, இல்லனா அந்த நாலு இன்ச்சு எட்டாயிரும்னாரு.

மண்ணு பத்தித் தனியா சொல்லியாகணும், எங்கிட்டு கரிசல். மழை பேஞ்சா உப்பும், கோடையில கை போற அளவுக்கு வெடிக்கும். அந்த ஏரியால பத்து வருசத்து வீட்டப் பாத்தீங்கன்னா ஜன்னல் மூலைல இருந்து சாய்வா ஒரு விரிசல் கெளம்பி மேல போயிருக்கும், வருசா வருசம் பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சு மறைப்பாங்க, ஐப்பசில திரும்ப எட்டிப் பாக்கும். அதனால சாயில் டெஸ்ட் எடுக்காம ஒரு கோடு போட மாட்டேன்னுட்டாரு. போர் போட்டு மண்ணு எடுத்துப் பாத்து கடைசில அண்டர் ரீம் பைல்னு முடிவாச்சு. பூமிக்குள்ள பதினொன்றரை அடி, அதாவது மூணரை மீட்டர் ஆழத்துக்கு துளை போட்டு, அடில மட்டும் குடம் மாதிரி ரெண்டரை மடங்கு அகலமா குடைஞ்சு காங்கிரீட் போடுறது. மேல இருக்க மண்ணு உப்புனாலும் சுருங்குனாலும் அடில இருக்க குடம் பிடிச்சு நிக்கும். ரூர்க்கில இருக்க மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மாதிரி மண்ணுக்காகவே கண்டுபிடிச்சதாம். பைல் தலைய எல்லாம் சேத்து ஓடுற பீமுக்கு அடில மூணு இன்ச்சு வெத்து இடம் விட்டாங்க, மண்ணு உப்புனா பீம தூக்காம அந்தச் சந்துக்குள்ள உப்பிக்கட்டும்னு. சொந்தக்காரங்க வந்து பாத்துட்டு "என்னமா அடில சந்து விட்டுருக்கானுக, எலி பூரும்"னாங்க. அதுக்கு மேல 9 இன்ச் செங்கச் சுவர்தான், பாரம் முழுக்க சுவருதான் தாங்குது. பில்லரே இல்லையானு கேட்டதுக்கு வேற பதில் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்.

கான்செப்ட் கட்டம் ரொம்ப ஜாலியான கட்டம், ஒத்துக்குறேன். பென்சில்ல வட்டம் வட்டமா போட்டு மூணு விதமா கொண்டு வந்தாரு. மேற்குப் பக்கம் பூரா மாடிப்படி, டாய்லெட், ஸ்டோர்னு தள்ளிட்டாரு, சாயங்கால வெயில் அதுக மேல விழட்டும், நீங்க தூங்குற ரூம்ல விழ வேணாம்னு. இன்னொண்ணு சொன்னாரு, கணக்கு டீச்சரான எனக்கே இது புதுசு. வடக்கு ஜன்னல்ல வெயிலே வராதுனு நம்ம எல்லாரும் நெனைக்கிறோம்ல, மதுரை பூமத்திய ரேகைல இருந்து பத்து டிகிரிக்குள்ளதான் இருக்கு, அதனால சித்திரை பொறந்ததுல இருந்து ஆவணி ஆரம்பம் வரைக்கும் உச்சி வேளைல சூரியன் நமக்கு வடக்கத் தள்ளிதான் நிக்கும், வடக்கு ஜன்னலுக்கும் நல்ல சன்ஷேடு வேணும்னு. அந்த வருசம் மே மாசம் வாடகை வீட்டு மொட்டை மாடில ஒரு குச்சிய நட்டு வச்சுப் பாத்தேன். நிழல் தெக்கதான் விழுந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் யூடியூப்ல, கேரளால கம்மி செலவுல வீடு கட்டிக் குடுத்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கரோட வீடுகளப் பாத்துட்டு வந்து எல்லாம் எலிப்பொறிக் கட்டுல கட்டணும்னு நின்னாரு, செங்கலப் படுக்க வைக்காம குத்தவச்சுக் கட்டி நடுவுல வெத்திடம் விடுறது. செங்கல் கால்வாசி மிச்சமாகும், வெயிலும் உள்ள இறங்காது, எல்லாம் சரி. ஆனா நம்ம கொத்தனாருங்க கைக்கு அது பழக்கம் இல்ல, சுவருக்குள்ள ஒயரிங் பைப்பு ஓட்டுறதும் கஷ்டம். மேல்மாடி மேற்குச் சுவரு ஒண்ணு மட்டும் அப்படி வைக்கலாம்னு பேசி முடிச்சாங்க. அந்த ஒத்தச் சுவர வர்றவங்க போறவங்களுக்கு எல்லாம் எங்க வீட்டுக்காரர் இன்னிக்கும் தட்டிக் காட்டுறாரு.

பிளான் ஓரளவு முடிவாகுற நேரத்துல சின்ன மாமா வந்தாரு. எங்க மாமனாரோட தம்பி. மாமா தவறுனதுக்கு அப்புறம் வீட்ல அவரு சொல்லுதான் கடைசிச் சொல்லு. மனையடி சாஸ்திரப் புத்தகத்தோட வந்தாரு, அட்டை கிழிஞ்சது. பெட்ரூம் 12க்கு 13னு போட்டுருந்துச்சு. "பன்னெண்டும் ஆகாது, பதிமூணும் ஆகாது. பத்து, பதினொண்ணு, பதினாறு, பதினேழு, இதுல எதுனாலும் வைங்க." நான் ஆர்க்கிடெக்ட் சண்டை போடப் போறாருன்னு பாத்தேன், மனுசன் அமைதியா "சரிங்கய்யா, 11க்கு 16 வச்சுக்கலாம், பீரோ வைக்க அந்த நீளமும் நல்லதுதான்"னு அங்கயே மாத்துனாரு. முடிஞ்சுதுனு நெனச்சா சின்ன மாமா அடுத்த கேள்வி, "இந்தப் பதினொண்ணு பூச்சுக்கு முன்னாடியா பின்னாடியா?" ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச்சு பூச்சு வரும்ல, அப்ப பூசுனதுக்கு அப்புறம் 10 அடி 11 இன்ச்சுதான் நிக்கும். ஆர்க்கிடெக்ட் முகத்துல அப்ப ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. டிராயிங்ல செங்கலுக்குச் செங்கல் 11 அடி 1 இன்ச்சுனு குறிச்சுட்டாரு. வந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் வீட்ட முடிஞ்ச அளவுல யோசிக்கிறீங்கனு சின்ன மாமாகிட்ட சொன்னாரு. அன்னிக்கு இருந்து சின்ன மாமா அவரு கட்சி.

அப்ரூவல்ல எங்களுக்கு அதிர்ஷ்டம் அடிச்சுச்சு. 2019 கட்டிட விதிகள்படி வழக்கமான வழில போகத்தான் பேப்பர் ரெடி பண்ணிட்டு இருந்தோம், 2024 ஜூலைல அரசாங்கம் சுயசான்று முறைய கொண்டு வந்துச்சு, 2500 சதுரஅடிக்குள்ள மனை, 3500 சதுரஅடிக்குள்ள வீடு, தரைத்தளமோ அதுக்கு மேல ஒரு மாடியோ, அப்படினா ஆன்லைன்லயே உடனே அனுமதி. எங்க மனை 2400, வீடு 1850. அலைச்சலே இல்லாம முடிஞ்சுது. ஆனா ஒண்ணு, யாரும் வந்து பாக்காம அனுமதி தர்றாங்கனா நம்ம குடுக்குற விவரம் சரிங்கிறதுக்கு நம்மதான் பொறுப்பு. அந்த 39 அடி 8 இன்ச்ச முன்னாடியே அளந்து வச்சது இங்க உதவுச்சு.

அடுத்ததுதான் நான் பொறுமை இழந்த கட்டம். ஒர்க்கிங் டிராயிங். ஆவணில பூமி பூஜை போட்டுடலாம்னு நாங்க குதிக்கிறோம், அவரு இன்னும் ஒரு மாசம் டிராயிங் இருக்குங்குறாரு. வீடு பாத்தாச்சு, 3டி படம் பாத்தாச்சு, அத வாட்ஸப் ஸ்டேட்டஸ்லயும் போட்டாச்சு, இன்னும் என்ன வரையிறீங்க? "டீச்சர், 3டி உங்களுக்கு. இது கொத்தனாருக்கு"னாரு. கடைசில நாப்பது ஷீட்டு வந்துச்சு. சென்டர் லைன், பைல், பீம், ஸ்லாப், ஒவ்வொரு டாய்லெட்டுக்கும் தனி ஷீட்டு, சுவிட்ச் போர்டு தரைல இருந்து எவ்ளோ உசரம், தண்ணி பைப்பு எந்தச் சுவர்ல ஏறுது, மழைநீர்க் குழி எங்க, கிச்சன் மேடை 31 இன்ச், மாடிப்படிக்குனு ஒரு முழு ஷீட்டு. கீழ்த்தரைல இருந்து மேல்தரை 10 அடி, அத 19 படியா பிரிச்சு ஒரு படி ஆறே கால் இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல, கால் வைக்க 11 இன்ச்சு. நடுவுல திரும்புற இடம் வரைக்கும் 10 படி, அதுக்கு மேல 9. ஒத்தப்படைல முடியணும்னு அத்தை சொன்னதும் அதுல சேந்துருச்சு. எங்களுக்கு அது கோடு கோடா தெரிஞ்சுது, உண்மையச் சொன்னா நான் அந்த ஷீட்ட முழுசா பாக்கவே இல்ல, கலர் இல்லாதத யாரு பாக்குறா.

காண்ட்ராக்டர் பிடிக்கிறதுல ஒரே ஒரு விசயம் சொல்லிட்டுப் போறேன். சதுரஅடிக்கு எவ்ளோனு கேக்காதீங்க. நாங்க முதல்ல வாய்வார்த்தையா மூணு பேர்கிட்ட சதுரஅடி ரேட்டு கேட்டோம், ஒருத்தர் ரொம்ப கம்மி. ஆர்க்கிடெக்ட் ஒவ்வொரு வேலைக்கும் அளவு போட்டு ஒரு பட்டியல் குடுத்து, இதுல ரேட்டு நிரப்பிக் குடுங்கனு மூணு பேருக்கும் அனுப்புனாரு. நிரப்பி வந்ததும்தான் தெரியுது, கம்மியா சொன்னவரு ரேட்ல தரைக்கு அடில வர்ற தண்ணித் தொட்டி (சம்ப்பு) இல்ல, செப்டிக் டேங்க் இல்ல, காம்பவுண்டு இல்ல, பேஸ்மட்டம் மூணு அடிக்கு மேல போனா எக்ஸ்ட்ரா, பைல்ங்கிற பேச்சே இல்ல. எல்லாத்தையும் கூட்டுனா மூணு பேர்ல அவருதான் அதிகம். நாங்க எடுத்தது நடுவுல இருந்தவர, அவருகிட்ட இருந்த மேஸ்திரி அண்ணன் ஏற்கனவே பைல் வேலை பாத்தவருங்குறதுக்காக.

ஆவணில பூமி பூஜை. ஐப்பசி மழைக்கு முன்னாடி பைலும் பீமும் முடிச்சாகணும்னு ஓட்டமா ஓடுனாங்க, கரிசல்ல மழை எறங்கிட்டா லாரியே உள்ள வராது. முடிச்சாங்க. கார்த்திகைல சுவர் எழும்புச்சு. தினம் ஸ்கூல் விட்டு ஸ்கூட்டிய நேரா சைட்டுக்குத்தான் விடுவேன். ஆர்க்கிடெக்ட் தினம் வர மாட்டாரு, அது எல்லாருக்கும் புரியாது, அவரு சூப்பர்வைசர் இல்ல. முக்கியமான கட்டத்துக்கு முன்னாடி வருவாரு, பாப்பாரு, சரின்னா சரி, இல்லனா நிப்பாட்டுவாரு.

நான் செஞ்ச கூத்து இதுக்கு அப்புறம்தான்.

தை மாசக் கடைசி. கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் பீம் முடிஞ்சு மேல சுவர் போயிட்டு இருக்கு. ரெண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு கிரகப்பிரவேசத்துக்குப் போனேன், ஹால் நல்ல உசரம், பத்தரை அடியாம், காத்து ஜிலுஜிலுனு. மண்டைல ஏறிருச்சு. ஏழு மணிக்கு மேல ஆயிருச்சு, ஆர்க்கிடெக்ட் எடுக்க மாட்டாரு. மேஸ்திரி அண்ணனுக்கு போன் போட்டேன், "அண்ணே, ரூஃப்ப ஒரு அரை அடி தூக்கிப் போட்டுக்கலாமா?" "ரெண்டு வரி செங்கல் சேத்து வச்சா போச்சு டீச்சர், அது என்ன பெரிய வேலை." முடிஞ்சு போச்சு. ஒரு நிமிசம்கூட பேசல. ஆர்க்கிடெக்ட்கிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்னு விட்டேன், அப்புறமும் மறந்துட்டேன், சரி மறக்கல, சொல்லல.

ரெண்டு வரி ஏறுச்சு, சென்ட்ரிங் அடிச்சாச்சு, அது மேல காங்கிரீட்டத் தாங்குற ஷீட்டு விரிச்சு கம்பி கட்டியாச்சு. மறுநாள் காலைல காங்கிரீட், மிக்ஸர் மெசினுக்கும் இருவத்தஞ்சு ஆளுக்கும் சொல்லியாச்சு. சாயங்காலம் ஆர்க்கிடெக்ட் கம்பி செக் பண்ண வந்தாரு. மேல ஏறி கம்பி இடைவெளி, கம்பிக்கு அடில வைக்கிற கவர் பிளாக், டாய்லெட்டுக்கு இறக்குன ஸ்லாப் எல்லாம் பாத்தாரு, எல்லாம் சரி. கீழ எறங்கி வந்தவரு மாடிப்படி திரும்புற இடத்துல நின்னாரு. அது வரைக்கும் பத்து படி ஏற்கனவே போட்டு இறுகிருச்சு. டேப்ப எடுத்து அங்க இருந்து மேல சென்ட்ரிங் ஷீட்டு வரைக்கும் பிடிச்சாரு. திரும்ப பிடிச்சாரு. அப்புறம் டேப்ப விட்டாரு, அது சர்ர்ருனு சுருண்டுச்சு பாருங்க, அந்தச் சத்தம் இப்பவும் காதுல இருக்கு.

"இது யாரு சொல்லி ஏத்துனது?"

மேஸ்திரி அண்ணன் என்னை ஒரு பார்வை பாத்தாரு. "நான்தான் சார், கணக்கு தப்பிருச்சு"னாரு.

எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. முப்பது வருச அனுபவம் இருக்க ஆளு, சித்தாளுக எல்லாம் சுத்தி நிக்கிறாங்க, எனக்காக தப்ப தன் தலைல போட்டுக்கிறாரு. ஒரு அஞ்சு நிமிசம் போயிருக்கும், நானே சொல்லிட்டேன், "இல்ல சார், நான்தான் ஏத்தச் சொன்னேன்." ஆர்க்கிடெக்ட் திட்டல, திட்டிருந்தா தேவலாம்னு இருந்துச்சு. செங்கல் அடுக்கு மேல உக்காந்து ஒரு சிமெண்ட் சாக்கத் திருப்பி அது மேல பென்சில்ல எழுதி என்கிட்ட நீட்டுனாரு, "டீச்சர், நீங்க கணக்கு தான, பாருங்க."

கீழ இருக்க பத்து படி ஆறே கால் சொச்சம், அது போட்டாச்சு, மாத்த முடியாது. மேல ஏற வேண்டிய மிச்ச உசரம் 57 இன்ச்சா இருந்தது இப்ப 63. அத அதே ஒம்போது படில ஏறணும்னா ஒரு படி 7 இன்ச்சு ஆகுது. அத்தை பத்து படி ஒரு உசரத்துல ஏறி கால் பழகுனதுக்கு அப்புறம் திரும்பின ஒடனே அடுத்த ஒம்போதும் வேற உசரம், ஒரு கைல வடகத் தட்டம் வேற. இல்ல, ஒரு படி சேத்து பத்தாக்கிடலாம்னா உசரம் சரியா வருது, ஆனா அந்த ஒரு படிக்கு 11 இன்ச்சு இடம் வேணும், மேல ஏறுன ஒடனே இருக்க டாய்லெட் கதவுல போயி இடிக்கும், மொத்தம் 20 படி வேற, ரெட்டப்படை. "எப்படினாலும் செய்யலாம், முடிவு உங்களது"ன்னாரு. வழக்கமா நம்ம ஊர்ல என்ன செய்வாங்க தெரியுமா, கடைசிப் படிய மட்டும் அந்த அரை அடி சேத்து உசரமா போட்டு விட்டுடுவாங்க. நீங்களே யோசிச்சுப் பாருங்க, உங்களுக்குத் தெரிஞ்ச எத்தன வீட்ல கடைசிப் படிலயோ முதல் படிலயோ கால் தட்டுது.

அந்த ரெண்டு பக்கத்துல எழுதி இருந்த வரி அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. கைப்பிடி பிடிக்க ஒரு கைதான் மிச்சம்.

எறக்கிடுங்கனு சொல்லிட்டேன். கம்பியப் பிரிச்சு, ஷீட்ட எறக்கி, நாலு பக்கமும் ரெண்டு வரி செங்கல உடைச்சு, திரும்ப அடிச்சு கட்ட ஆறு நாளாச்சு. மெசினுக்குக் குடுத்த அட்வான்ஸ், கூலி, செங்கல்னு 40 ஆயிரத்துக்குப் பக்கமா போச்சு, நான்தான் குடுத்தேன், ஏலச்சீட்டு எடுத்து. வீட்டுக்காரர்கிட்ட என்ன சொன்னேன்னு இங்க எழுத மாட்டேன், அவரும் இதப் படிப்பாரு. காத்தோட்டத்துக்கு என்ன செய்றதுனு கேட்டதுக்கு ஆர்க்கிடெக்ட் ஹால்ல எதிரெதிரா சீலிங் ஒட்டி ரெண்டு சின்ன வென்டிலேட்டர் வச்சுக் குடுத்தாரு, அதுக்கு உசரமே தேவைப்படல. ஒரு போன்ல முதல்லயே கேட்டுருக்கலாம். காலைல ஏழு மணிக்கு எடுப்பாரு.

மறுநாள் மேஸ்திரி அண்ணன் நீள நோட்டு ஒண்ண வாங்கிட்டு வந்து சைட்டு ஷெட்டுல ஆணி அடிச்சு தொங்க விட்டாரு. "டீச்சர், இனிமே எதுனாலும் இதுல எழுதிருங்க, சார் கையெழுத்து போட்டதுக்கு அப்புறம்தான் கரண்டியத் தொடுவேன்." ஆர்க்கிடெக்ட் அத மாசிலயே ஆரம்பிக்கணும்னு இருந்தாராம், மேஸ்திரி முந்திக்கிட்டாரு. அந்த நோட்ல அதுக்கு அப்புறம் பதினேழு மாத்தம் எழுதி இருக்கு. அதுல பதினொண்ண எழுதும்போதே நானே அடிச்சுட்டேன், எழுத உக்காந்தா பாதி ஆசை தானா போயிடுது. ஒரு தடவை பழைய ஷீட்ட வச்சு எலக்ட்ரீசியன் ரெண்டு சுவிட்ச் பாக்ஸ் மாத்தி வச்சுட்டாரு, அதுல இருந்து பழைய ஷீட்டு எல்லாத்துலயும் சிவப்பு மார்க்கர்ல பெருக்கல் குறி போட்டு அடுக்கி வச்சாங்க.

பூச்சு, தட்டோடு, டைல்ஸ், பெயிண்ட், இதெல்லாம் வீடு கட்டுன யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல. காசு எப்படிப் போகுதுன்னே தெரியாம போற காலம் அது. ஒண்ணே ஒண்ணு, பூசுறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு வந்து ஒவ்வொரு சுவரா டேப்ப ஒட்டப் பிடிச்சு, பைப்பும் ஒயரும் ஓடுற இடத்த எல்லாம் போட்டோ எடுத்துட்டுப் போச்சு. வெயில்ல அரை நாளு. எதுக்குமானு கேட்டேன், பின்னாடி தெரியும் டீச்சர்னு சொல்லுச்சு.

2025 ஆவணில கிரகப்பிரவேசம். கடைசி ஃபீஸ அப்ப வாங்கல, ஒரு மழை பாத்துட்டு வாங்கிக்கிறேன்னாரு. ஐப்பசி மழைல மேல ஸ்டோர் ரூம் ஜன்னல் ஓரம் ஒரு ஈரக்கறை வந்துச்சு, காண்ட்ராக்டர் ஆள வரச்சொல்லி சன்ஷேடு தண்ணி வாட்டத்த சரி பண்ண வச்சாரு. சுவர்ல விரிசல் எதுவும் இல்ல, இது வரைக்கும். அப்புறம் கார்த்திகைல ஒரு தடிமனான ஃபைலும் ஒரு பென்டிரைவும் குடுத்தாரு, கட்டுனது கட்டுனபடி திருத்துன டிராயிங், அந்தச் சுவர் போட்டோ எல்லாம். மிச்சக் காசக் குடுத்தோம். அத்தை எலுமிச்சை ஊறுகா ஒரு பாட்டில் குடுத்து விட்டாங்க.

போன ஞாயித்துக்கிழமை மாமா போட்டோவ ஹால்ல மாட்டணும்னு அத்தை இடம் காட்டுனாங்க, மாடிப்படி ஏறும்போது முகத்தப் பாக்குற மாதிரி. எங்க வீட்டுக்காரர் டிரில்ல சுவர்ல வச்சுட்டாரு. இருங்கனு சொல்லி பென்டிரைவ மாட்டிப் பாத்தேன். அந்தச் சுவரு, பூச்சு இல்லாம செவப்பா, பக்கத்துல டேப்பு, ஜன்னல் ஓரத்துல இருந்து சரியா 14 இன்ச்சுல டேங்க்ல இருந்து எறங்குற தண்ணி பைப்பு. அவரு டிரில் வச்சுருந்தது 14லதான். ஆறு இன்ச்சு தள்ளி ஓட்டை போட்டோம். அத்தை அஞ்சாவது படில நின்னுட்டு, "கொஞ்சம் எடப்பக்கம் சாயுது, நிமித்து"ன்னாங்க.